சுவிட்ச் இருந்த உயரம்: ‘ஃபைவ் டேஸ் அட் மெமோரியல்’ தொடரின் பின்னணி

ஆப்பிள் டிவி பிளஸ் தளத்தில் 2022 ஆகஸ்ட் மாதம் வெளியாகத் தொடங்கிய ‘ஃபைவ் டேஸ் அட் மெமோரியல்’ எட்டுப் பகுதிகள் கொண்ட குறுந்தொடர். 2005இல் கட்ரினா சூறாவளி தாக்கியபோது நியூ ஆர்லியன்ஸ் நகரின் மெமோரியல் மருத்துவமனைக்குள் நடந்தவற்றை, பகுதிக்கு ஒரு நாளாக, முதல் ஐந்து பகுதிகள் சொல்கின்றன. மீதி மூன்றும் வெள்ளம் வடிந்த பிறகு நடந்த விசாரணையைச் சொல்கின்றன. அந்தக் கட்டடத்திலிருந்து 45 உடல்கள் மீட்கப்பட்டன. அவர்களுள் சிலருக்கு ஒரு மருத்துவரும் இரண்டு செவிலியரும் மருந்து செலுத்திச் சாவை விரைவுபடுத்தினார்களா என்பதுதான் விசாரணையாளர்கள் எழுப்பிய கேள்வி. தொடரைப் பார்த்து முடித்தவர்கள் பெரும்பாலும் அதையே பேசுகிறார்கள். அந்த மருத்துவர் செய்தது சரியா தவறா என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

நானும் முதன்முறை பார்த்தபோது அந்தக் கேள்வியோடுதான் எழுந்தேன். இரண்டாம் முறை பார்த்தபோது நான்காம் நாள் அதிகாலையில், ஜெனரேட்டர்களின் இரைச்சல் அடங்கிக் கட்டடம் முழுவதும் இருளும் அமைதியும் பரவும் கட்டத்தைத் தாண்டி என் மனம் நகர மறுத்தது. அடுத்து வந்த முடிவுகளெல்லாம் அந்த இருட்டில் எடுக்கப்பட்டவை. அந்த இருட்டு எப்படி வந்தது என்பது ஏறத்தாழ முழுமையாகப் பதிவாகியுள்ள செய்தி. தொடர் அதைத் தொட்டுக்காட்டிவிட்டுப் போய்விடுகிறது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

தொடருக்கு அடிப்படை, ஷெரி ஃபிங்க் 2013இல் இதே தலைப்பில் வெளியிட்ட நூல். அவர் மருத்துவம் பயின்ற பத்திரிகையாளர். மெமோரியல் குறித்து 2009 ஆகஸ்டில் அவர் எழுதிய நீண்ட புலனாய்வுக் கட்டுரைக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் உழைத்து அதை நூலாக விரித்தார். ஜான் ரிட்லியும் கார்ல்டன் கியூஸும் அதைத் தொடராக்கினார்கள். விசாரணைக்கு உள்ளான மருத்துவர் அன்னா போ பாத்திரத்தில் வேரா ஃபார்மிகாவும், பேரிடர்க் காலப் பொறுப்பை ஏற்றிருந்த செவிலியர் துறைத் தலைவர் சூசன் மல்டெரிக் பாத்திரத்தில் செர்ரி ஜோன்ஸும் நடித்திருக்கிறார்கள்.

கட்ரினா 2005 ஆகஸ்ட் 29 திங்கட்கிழமை காலை லூசியானா மாநிலத்தில் மூன்றாம் வகைச் சூறாவளியாகக் கரையைக் கடந்தது. முந்தைய நாளே நியூ ஆர்லியன்ஸ் மக்கள் அனைவரும் கட்டாயம் வெளியேற வேண்டும் என்று மேயர் ரே நேகின் உத்தரவிட்டிருந்தார். மருத்துவமனைகளுக்கு அந்த உத்தரவிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. தீவிர சிகிச்சையில் இருப்பவர்களை நெரிசல் மிகுந்த சாலைகளில் இடம் மாற்றுவது ஆபத்தானது, மருத்துவமனைக் கட்டடங்கள் உறுதியானவை, அவற்றில் ஜெனரேட்டர்களும் உண்டு என்பதே அந்நகரின் நெடுநாள் பழக்கம். ஊழியர்கள் தங்கள் குடும்பத்தினரையும் வளர்ப்புப் பிராணிகளையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனையிலேயே தங்கிப் புயலைக் கழிப்பதும் அங்கே வழக்கம்தான். இப்படியாக மெமோரியலில் ஏறத்தாழ 2,000 பேர் சேர்ந்தார்கள். அவர்களுள் நோயாளிகள் 200க்கும் மேற்பட்டோர். ஊழியர்கள் 600 பேர் அளவில்.

திங்கட்கிழமை அதிகாலையில் நகர மின்சாரம் நின்றது, ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. காற்று ஜன்னல்களை உடைத்தது, கூரைகள் ஒழுகின. ஆனால் மாலைக்குள் காற்று அடங்கிவிட்டது. தப்பித்துவிட்டோம் என்று அங்கிருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். தொடரின் இரண்டாம் பகுதியில் வரும் அந்த நிம்மதி கற்பனையன்று. அன்று நகரத்தின் பெரும்பகுதியும் அப்படித்தான் நினைத்தது. செவ்வாய்க்கிழமை காலையில் மழையே இல்லாமல், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது, தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

நகரத்தின் கால்வாய்க் கரைகளில் நின்ற வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்ததுதான் காரணம். 17ஆம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடும் முன்பே, அடியில் இருந்த இளகிய மண் தாங்காமல் சுவர்கள் சரிந்தன என்று பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. அவற்றை வடிவமைத்துக் கட்டியது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை. குறை வடிவமைப்பில் இருந்தது என்பதை 2006இல் அப்படையின் தலைமையே ஒப்புக்கொண்டது. நகரத்தின் 80 சதவீதப் பரப்பு மூழ்கியது. கட்ரினாவில் இறந்தவர்கள் 1,833 பேர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. தேசியச் சூறாவளி மையம் 2023இல் அந்த எண்ணை 1,392 எனத் திருத்தியது. ஆகவே இதை இயற்கைப் பேரிடர் என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. காற்றும் கடலும் இயற்கையின் செயல். செவ்வாய்க்கிழமைத் தண்ணீர், கட்டுமானத் தவறு.

இப்போது அந்தச் சுவிட்சுக்கு வருவோம். ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் மருத்துவமனைக்கு மின்சாரம் வந்துவிடாது. நகர மின்சாரம் நிற்கும் கணத்தில் கட்டடத்தின் மின்சுற்றை ஜெனரேட்டரின் பக்கம் மாற்றிவிடும் டிரான்ஸ்ஃபர் சுவிட்சுகள் வேண்டும், அங்கிருந்து ஒவ்வொரு மாடிக்கும் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பலகைகள் வேண்டும், டீசலை மேலேற்றும் பம்புகள் வேண்டும். இச்சங்கிலியில் எந்தக் கண்ணி நனைந்தாலும் மற்றவை எவ்வளவு உயரத்தில் இருந்தும் பயனில்லை. மெமோரியலில் டிரான்ஸ்ஃபர் சுவிட்சுகள் தரைமட்டத்திலிருந்து சில அடி உயரத்தில்தான் பொருத்தப்பட்டிருந்தன. மருத்துவமனை நின்ற இடமோ நகரின் தாழ்ந்த பகுதிகளுள் ஒன்று. 1926இல் சதர்ன் பாப்டிஸ்ட் மருத்துவமனை என்ற பெயரில் அது திறக்கப்பட்ட அந்தப் பத்தாண்டிலேயே மழைவெள்ளம் அதன் அடித்தளத்தில் புகுந்திருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் ஏறினாலே அவசர மின்அமைப்பின் பெரும்பகுதி செயலிழந்துவிடும் என்று மருத்துவமனையின் பராமரிப்புத் தரப்பு கட்ரினாவுக்கு முன்பே எழுத்தில் எச்சரித்தும் இருந்தது. சுவிட்சுகளை உயர்த்தும் வேலை நடக்கவில்லை.

மருத்துவமனையின் பேரிடர்த் திட்ட ஆவணம் 246 பக்கம் கொண்டது. முழு மின்வெட்டு நேர்ந்தால் என்ன செய்வது, தெருக்கள் மூழ்கினால் நோயாளிகளை எப்படி வெளியேற்றுவது என்ற இரண்டுக்கும் அதில் வழிகாட்டல் இல்லை. நடந்தவை இந்த இரண்டும்தான். செவிலியர் ஒருவர் டார்ச் வெளிச்சத்தில் நோயாளியின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கும் காட்சி எந்தப் பார்வையாளரையும் உலுக்கிவிடும். ஒரு அலுவலகத்தில் திட்ட ஆவணம் ஒன்று அலமாரிக்குள் போகும் காட்சிக்கு அந்த வலிமை இல்லை. ஆனாலும் முதலாவதற்குக் காரணம் இரண்டாவதுதான் என்பதைத் தொடர் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

ஆகஸ்ட் 31 புதன்கிழமை அதிகாலை இரண்டு மணியளவில் ஜெனரேட்டர்கள் நின்றன. வென்டிலேட்டர்கள் தங்கள் பேட்டரியில் சுமார் அரை மணி நேரம் ஓடின, பிறகு ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கையால் அழுத்தும் பையைக் கொண்டு நோயாளிகளின் நுரையீரலுக்குக் காற்று செலுத்தினார்கள். அதை ஒருவர் நெடுநேரம் செய்ய இயலாது, ஆள் மாற்றி ஆள் அழுத்த வேண்டும். குளிரூட்டல் அதற்கு முன்பே நின்றிருந்தது. கழிவறைகள் பெருகி வழிந்தன. காற்று வருவதற்காகக் கண்ணாடி ஜன்னல்களை உடைத்தார்கள். உள்ளே வெப்பம் சில இடங்களில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. இளைஞர் ஒருவருக்கே தாங்க முடியாத அந்தச் சூடு, இதயமும் சிறுநீரகமும் ஏற்கெனவே தளர்ந்துபோன முதியவரின் உடலில் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பிற்பாடு மருந்துகளைப் பற்றி எழுந்த வழக்கின் சத்தத்தில், அந்த 45 பேருள் பலருக்கு வெப்பமும் மின்சாரம் இல்லாமையுமே போதுமான எமனாக இருந்தன என்பது மறைந்துபோயிற்று.

அந்தக் கட்டடத்தில் இருந்தது ஒரு மருத்துவமனை மட்டுமல்ல. மெமோரியலின் உரிமையாளர், டல்லஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட டெனட் ஹெல்த்கேர் என்ற பெருநிறுவனம். ஏழாம் மாடியை லைஃப்கேர் என்ற வேறொரு நிறுவனம் வாடகைக்கு எடுத்து, நீண்டகாலத் தீவிர சிகிச்சை தேவைப்படுவோருக்கான தனி மருத்துவமனையை நடத்திவந்தது. வென்டிலேட்டரைச் சார்ந்து வாழ்பவர்கள், ஆறாத புண்களும் தொற்றுகளும் உள்ளவர்கள், நாள்கணக்கில் அல்லாமல் வாரக்கணக்கில் படுக்கையில் இருப்பவர்கள் அங்கே இருந்தார்கள். புயலுக்கு முன்பாக, சால்மெட் பகுதியில் தான் நடத்திய இன்னொரு பிரிவின் நோயாளிகளையும் லைஃப்கேர் பாதுகாப்புக் கருதி இங்கேதான் கொண்டுவந்து சேர்த்தது. ஆக, கட்டடத்தில் மிகவும் நலிந்த 52 பேர், மிக உயரத்தில், லிஃப்ட் இல்லாத நிலையில், வேறொரு நிர்வாகத்தின் கணக்கில் இருந்தார்கள். அவர்களும் மெமோரியலின் வெளியேற்றத் திட்டத்தில் சேர்த்தியா, ஹெலிகாப்டர்களை யார் கேட்பது, யார் அனுமதி தருவது என்பவை தெளிவாவதற்குள் மணிகள் கழிந்தன. ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் இடையில் இருந்தது ஒரு குத்தகை ஒப்பந்தம்தான். அந்த ஐந்து நாள்களில் அதன் கனம் கூடிக்கொண்டே போனது. இதைத் தொடர் நன்றாகவே காட்டுகிறது. ஏழாம் மாடியின் பொறுப்பாளர் கர்ப்பிணி. ஒவ்வொரு முறையும் படியிறங்கி வந்து கேட்டுவிட்டு விடையின்றி மேலே ஏறிப்போகும் காட்சிகளில் வசனத்துக்கே தேவை இருக்கவில்லை.

யாரை முதலில் அனுப்புவது என்ற வினாவுக்கு மருத்துவத்தில் டிரையாஜ் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் தரம் பிரிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே, பதவியையோ நாட்டையோ பாராமல் மிக மோசமாகக் காயமுற்றவரை முதலில் கவனிக்க வேண்டும் என்று வகுத்தார். பின்வந்த போர்களில் இதற்கு எதிரான முறைகளும் வழக்கத்துக்கு வந்தன: பிழைக்க வாய்ப்பு அதிகம் உள்ளவரை முதலில் கவனி, குறைந்த உழைப்பில் அதிகம் பேரைக் காப்பாற்று. எது சரி என்பதில் உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரே விதி இன்றளவும் இல்லை. செவ்வாய்க்கிழமை மெமோரியலில் மருத்துவர்கள் கூடிப் பேசியபோது பச்சிளங் குழந்தைகளையும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களையும் முதலில் அனுப்புவது என்றும், இதயம் நின்றால் மீண்டும் இயக்க வேண்டாம் என்ற குறிப்பு உள்ளவர்களைக் கடைசியில் அனுப்புவது என்றும் முடிவானது.

பிந்தைய முடிவைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்தக் குறிப்பு குறுகிய பொருள் உடையது. இதயத் துடிப்போ மூச்சோ நின்றுவிட்டால் மார்பை அழுத்தியும் மின் அதிர்ச்சி கொடுத்தும் திரும்ப எழுப்ப முயல வேண்டாம் என்பதே அதன் பொருள். மற்ற சிகிச்சைகள் வேண்டாம் என்றோ, வெள்ளத்திலிருந்து மீட்க வேண்டாம் என்றோ அதில் கையெழுத்திட்டவர் எவரும் சொல்லவில்லை. அமைதியான ஒரு நாளில், தன் கடைசிக் கணம் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்து எடுத்த முடிவு, மின்சாரமில்லாத கட்டடத்தில் வரிசையின் கடைசி இடமாக மாறிப்போனது. பின்னர் நோயாளிகளுக்கு எண்கள் எழுதி ஒட்டப்பட்டன. எழுந்து உட்காரவோ நடக்கவோ முடிந்தவர் ஒன்று. கூடுதல் உதவி தேவைப்பட்டவர் இரண்டு. மிகவும் நலிந்தவரும் மேற்சொன்ன குறிப்பு உள்ளவரும் மூன்று. மூன்றாம் எண் ஒட்டப்பட்டவர்கள் இரண்டாம் மாடிக் கூடத்தில் கிடத்தப்பட்டுக் காத்திருந்தார்கள். காத்திருக்கக் காத்திருக்க அவர்கள் மேலும் நலிந்தார்கள். அந்த நலிவே அவர்களைக் கடைசியில் வைத்தது சரி என்பதற்குச் சான்றுபோலத் தோன்றத் தொடங்கியது. தொடரின் நான்காம், ஐந்தாம் பகுதிகளில் என்னை மிகவும் வருத்தியது இதுதான்.

வெளியே செல்லும் வழியும் எளிதாக இல்லை. நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இல்லாத ஹெலிகாப்டர் தளம் ஒன்று வாகன நிறுத்தக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. லிஃப்ட் நின்றபின் நோயாளியைக் கைகளில் ஏந்தி இருட்டுப் படிகளில் இரண்டாம் மாடிவரை இறக்க வேண்டும். அங்கே இயந்திர அறையின் சுவரில் ஏறத்தாழ மூன்றடிக்கு மூன்றடி அளவில் இருந்த திறப்பு வழியே வாகன நிறுத்தக் கட்டடத்துக்குள் தள்ள வேண்டும். அங்கிருந்து பிக்கப் வண்டியில் ஏற்றி மேல்தளம்வரை ஓட்டிச் சென்று, பிறகு இரும்புப் படிகளில் மீண்டும் தூக்கி ஏற வேண்டும். பட்டினியோடும் தூக்கமின்றியும் இருந்த ஊழியர்கள் இதை ஒரு நாளில் எத்தனை முறை செய்ய முடியும் என்பதற்கு எல்லை இருந்தது. உடல் பருமன் மிகுந்தவர்களுக்கு அந்த எல்லை இன்னும் நெருங்கியிருந்தது. மின்சாரம் முற்றிலும் போவதற்குமுன், செவ்வாய் இரவில் கடலோரக் காவல் படை தொடர்ந்து ஹெலிகாப்டர்களை அனுப்பத் தயாராக இருந்தது. விளக்கு வசதியும் கைப்பிடிச் சுவரும் இல்லாத தளத்தில் இரவில் நோயாளிகளை ஏற்றுவது ஆபத்து, ஊழியர்களுக்கும் ஓய்வு வேண்டும் என்று மருத்துவமனையில் பொறுப்பில் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. சில மணி நேரத்தில் ஜெனரேட்டர்கள் நின்றன. அந்த முடிவை எடுத்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தளத்தில் விளக்கு இருந்திருந்தால் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 1 வியாழக்கிழமை, ஐந்தாம் நாள். டெனட் நிறுவனம் அமர்த்திய தனியார் ஹெலிகாப்டர்களும் படகுகளும் வந்துசேர்ந்து கட்டடம் காலியாகத் தொடங்கிய அதே நாளில்தான், ஏழாம் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் கிடந்த நோயாளிகள் சிலருக்கு மார்ஃபினும் மிடாசோலமும் செலுத்தப்பட்டன. மார்ஃபின் வலியையும் மூச்சுத்திணறலின் துயரத்தையும் தணிக்கும். மிடாசோலம் பதற்றத்தை அடக்கி உறங்கவைக்கும். இரண்டும் சேர்ந்தால் மூச்சு மெலியலாம், நின்றும் போகலாம். இறுதிக்கட்ட நோயாளிக்குத் துயரம் தணிப்பதற்காக இவற்றைக் கொடுப்பது ஏற்கப்பட்ட மருத்துவ வழக்கம். அதன் பக்கவிளைவாகச் சாவு சற்று முன்னதாக வந்தாலும், நோக்கம் துயர்தணிப்பாக இருக்கும்வரை அது குற்றமாகக் கருதப்படுவதில்லை. எனவே முழு வழக்கும் நோக்கத்தின்மீது நின்றது. நோக்கமோ இரத்தப் பரிசோதனையில் தெரியும் பொருளன்று. இறந்தவர்களில் 41 உடல்கள் பரிசோதிக்கப்பட்டன. அவற்றுள் 23இல் இந்த மருந்துகளில் ஒன்றோ இரண்டுமோ இருந்தன. வெப்பத்தில் பல நாள் கிடந்த உடல்களில் அந்த அளவுகளை வைத்து எதை உறுதியாகச் சொல்லலாம் என்பதிலேயே கருத்து வேறுபாடு இருந்தது.

2006 ஜூலை 17 அன்று அன்னா போவும் இரண்டு செவிலியரும் கைதுசெய்யப்பட்டார்கள். இது கொலை என்றே மாநிலத் தலைமை வழக்கறிஞர் சார்ல்ஸ் ஃபோட்டி அறிவித்தார். தாம் எவரையும் கொல்லவில்லை, கருணைக்கொலையில் தமக்கு உடன்பாடும் இல்லை, நோயாளிகளின் வலியைத் தணிப்பதே தம் நோக்கம் என்று போ தொடர்ந்து கூறிவந்தார். நகர மக்களில் பெரும்பாலோர் அவர் பக்கம் நின்றார்கள். அரசாங்கமே கைவிட்ட இடத்தில் விலகாமல் இருந்தவரைக் குற்றவாளியாக்குவதா என்ற கோபம் அங்கே பரவியிருந்தது. 2007 ஜூலை 24 அன்று கிராண்ட் ஜூரி எனப்படும் பெருநடுவர் குழு, ஒரு கொலைக் குற்றச்சாட்டும் ஒன்பது கொலைச் சதிக் குற்றச்சாட்டுகளும் அடங்கிய பத்திலும் குற்றப்பத்திரிகை தாக்கல்செய்ய மறுத்தது. சட்டத்தின் பார்வையில் வழக்கு அத்துடன் முடிந்தது. அடுத்த ஆண்டு, பேரிடர்க் காலத்தில் பணியாற்றும் மருத்துவப் பணியாளர்களைப் பெரும்பாலான உரிமையியல் வழக்குகளிலிருந்து காக்கும் சட்டங்களை லூசியானா இயற்றியது. அவற்றுக்காகப் போவும் முனைந்து பாடுபட்டார். நோயாளிகள், குடும்பத்தினர் தரப்பில் தொடரப்பட்ட கூட்டு வழக்கை டெனட் 2011இல் 2.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அந்த வழக்கில் முன்வைக்கப்பட்டவை மருந்துகளைக் காட்டிலும் மின்சாரத்தையும் ஆயத்தமின்மையையும் பற்றியவை என்பதைத் தொடரின் கடைசி மூன்று பகுதிகளைப் பார்ப்பவர் எளிதில் உணர்ந்துகொள்ள முடியாது.

அதே ஐந்து நாள்களில் நகரின் மற்ற மருத்துவமனைகளிலும் தண்ணீர் சூழ்ந்திருந்தது. ஏழைகளுக்கான பொது மருத்துவமனையான சாரிட்டியிலும் மின்சாரம் இல்லை, வெப்பம் உண்டு, உதவி மெமோரியலைவிடத் தாமதமாகத்தான் வந்தது; வெள்ளிக்கிழமைவரை அங்கே காத்திருந்தார்கள். ஆனால் இறப்புகள் மெமோரியலைவிட மிகக் குறைவு. அங்கே ஊழியர்கள் முறைவைத்துப் பணியாற்றி முறைவைத்து உறங்கினார்கள். மிகவும் நலிந்தவர்களை முதலில் அனுப்ப முயன்றார்கள், மீட்கத் தகாதவர் என்று எவரையும் ஒதுக்கவில்லை. பழைய கட்டடத்தில் குறைந்த வசதிகளோடு நாள்தோறும் பழகியவர்கள் என்பதும் அவர்களுக்குக் கைகொடுத்திருக்கலாம். பக்கத்திலேயே இருந்த டுலேன் மருத்துவமனையை நடத்திய எச்.சி.ஏ. நிறுவனம் தனியார் ஹெலிகாப்டர்களை முன்கூட்டியே அமர்த்தித் தன் நோயாளிகளை வெளியேற்றியது. ஒரே புயல், ஒரே வெள்ளம், மூன்று மருத்துவமனைகளில் மூன்று முடிவுகள். தொடர் கதவுகளை மூடிக்கொண்டு மெமோரியலுக்குள்ளேயே இருந்துவிடுவதால் இந்த ஒப்பீடு பார்வையாளருக்குக் கிடைப்பதில்லை. அடைபட்ட உணர்வைத் தருவதற்கு அந்த உத்தி தேவைதான்; ஆனால் அதன் விலை, நடந்தது தவிர்க்க முடியாதது என்ற எண்ணம் நமக்குள் படிந்துவிடுவது.

இன்னொன்றையும் சொல்லாமல் கடக்க முடியாது. வெள்ளத்தில் நடந்தும் மிதந்தும் மருத்துவமனைக்கு அடைக்கலம் தேடிவந்த அக்கம்பக்கத்து மக்கள் சிலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். கொள்ளையர்கள் சுற்றுகிறார்கள் என்ற வதந்தி வானொலியிலும் வாய்மொழியிலும் பரவியிருந்தது. கறுப்பின மருத்துவர் பிரையன்ட் கிங், நோயாளிகள் விஷயத்தில் நடந்தவற்றைப் பிற்பாடு பொதுவெளியில் முதலில் பேசியவர்களுள் ஒருவர்; கார்னீலியஸ் ஸ்மித் ஜூனியர் அந்தப் பாத்திரத்தை அடக்கமாக நடித்திருக்கிறார். வாசலில் நின்று அவர் பார்க்கும் பார்வைகளில், வரிசை என்பது ஏழாம் மாடியில் தொடங்கவில்லை, தெருவிலேயே தொடங்கிவிட்டது என்பது புரிகிறது.

கட்ரினாவுக்குப் பின் என்ன மாறியது? 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி சூறாவளி நியூயார்க்கைத் தாக்கியபோது, என்.ஒய்.யு. லாங்கோன் மருத்துவமனையில் மின்சாரம் போய் 300க்கும் மேற்பட்ட நோயாளிகளை வெளியேற்ற நேர்ந்தது. தீவிர சிகிச்சையில் இருந்த 20 பச்சிளங் குழந்தைகளைச் செவிலியர்கள் மார்போடு அணைத்து ஒன்பது மாடிப் படிகளில் இறக்கினார்கள். அருகிலிருந்த பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. எரிபொருள் பம்புகளோ அடித்தளத்தில் மூழ்கின. ஊழியர்களும் தேசியக் காவல் படையினரும் படிக்கட்டில் வரிசையாக நின்று எரிபொருளைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். மெமோரியலுக்கு ஏழு ஆண்டுக்குப் பிறகு, வேறொரு கண்ணியில் அதே சங்கிலி அறுந்தது.

முதியோருக்கும் ஏழைகளுக்குமான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடுகளான மெடிகேர், மெடிகெய்ட் ஆகியவற்றின் நிர்வாகம் 2016இல் வெளியிட்ட விதிகள், மருத்துவமனைகள் பேரிடர்த் திட்டம் வைத்திருப்பதையும், தொடர்பு ஏற்பாடுகளையும், பயிற்சியையும், ஒத்திகையையும் கட்டாயமாக்கின. இது மெய்யான முன்னேற்றம். ஆனால் ஜெனரேட்டர் எங்கே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை புதிதாகக் கட்டும்போதும் புதுப்பிக்கும்போதும்தான் பொருந்தும். பழைய கட்டடம் பழையபடியே இருக்கலாம். யாரை முதலில் காப்பது என்பதற்கு முன்கூட்டியே நெறிகள் வகுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற ஆலோசனை அமைப்பு 2009இலும் 2012இலும் அறிக்கைகள் தந்தது. மாநிலங்கள் பலவும் வகுத்தன. 2020இல் கொரோனா பரவியபோது, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை வென்டிலேட்டர் வரிசையில் பின்தள்ளும் வகையில் அலபாமா மாநிலம் முன்பு வகுத்த நெறிக்கு எதிராக முறையீடு எழுந்து, கூட்டாட்சி அரசு தலையிட்ட பிறகு அது விலக்கிக்கொள்ளப்பட்டது. மூன்றாம் எண்ணை யாருக்கு ஒட்டுவது என்ற வழக்கு மெமோரியலின் இரண்டாம் மாடியோடு முடியவில்லை.

நியூ ஆர்லியன்ஸைச் சுற்றி 1,400 கோடி டாலருக்கு மேல் செலவிட்டுப் புதிய தடுப்பரண்கள் கட்டப்பட்டன. 2021 ஆகஸ்ட் 29 அன்று, கட்ரினாவின் அதே தேதியில் ஐடா சூறாவளி வந்தபோது அவை தாங்கின. ஆனால் நகருக்கு மின்சாரம் கொண்டுவரும் எட்டு உயரழுத்தத் தடங்களும் ஒருசேரச் செயலிழந்து ஊர் முழுவதும் இருளில் மூழ்கியது. மருத்துவமனைகள் மீண்டும் ஜெனரேட்டரை நம்பி நின்றன. மெமோரியல் கட்டடம் 2006இல் ஆக்ஸ்னர் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு ஆக்ஸ்னர் பாப்டிஸ்ட் என்ற பெயரில் இன்றும் மருத்துவமனையாகவே இயங்குகிறது. சாரிட்டி மீண்டும் திறக்கப்படவேயில்லை.

தொடர் வெளியாகி இரண்டு ஆண்டு கழித்து, 2024 செப்டம்பர் 27 அன்று, ஹெலீன் சூறாவளியின் மழையில் டென்னசி மாநிலத்தின் எர்வின் ஊரில் நோலிசக்கி ஆறு பெருகி யூனிகாய் கவுண்டி மருத்துவமனைக்குள் புகுந்தது. படகுகள் நெருங்க முடியாத அளவுக்கு நீரோட்டம் கடுமையாக இருந்தது. நோயாளிகளும் ஊழியர்களுமாக 50க்கும் மேற்பட்டோர் கூரையில் ஏறி நிற்க, ஹெலிகாப்டர்கள் வந்து அவர்களை மீட்டன, எல்லாரும் பிழைத்தார்கள். அந்த மருத்துவமனை பழைய கட்டடம் அல்ல. கட்ரினாவுக்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து, 2018இல், ஆற்றின் வெள்ளப்படுகையில் புதிதாகக் கட்டித் திறக்கப்பட்டது.